பெயருக்கு முன்னால் மூன்றெழுத்து

அலுவலகத்தில் அவளுக்கு ‘முன்னொட்டு’ என்று பட்டப்பெயர். டேட்டாபேஸ் மென்பொருள் செய்யும் நிறுவனம் அது. செய்ததை மூட்டை கட்டி வாடிக்கையாளர்களின் கணினியில் ஏற்றுவது பன்னிரண்டு வருடமாக அவள் வேலை. கறுப்புத் திரையில் பெயரைத் தட்டினால் ஓடும் குட்டி ப்ரோகிராம்கள் அந்த மென்பொருளில் இருபத்தேழு. டேட்டாபேஸில் புது ஆளைச் சேர்க்கும் ப்ரோகிராமுக்கு ‘ஆட்யூசர்’ என்று பெயர். ஊர்ப்பட்ட மென்பொருள்களிலும் அதே பெயர் இருந்ததுதான் அவளுடைய தலைவலி.

“சார், எல்லாப் பேருக்கும் முன்னாடி நம்ம மென்பொருள் பேரைச் சுருக்கி டிபிஎம்னு மூணு எழுத்து போட்டுடலாம். இல்லன்னா பேரைத் தட்டினா யாரோடது ஓடும்னு கடவுளுக்கே தெரியாது.”

தலைமைப் பொறியாளர் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நாமதாம்மா முதல்ல வெச்சோம். மத்தவங்க மாத்திக்கட்டும்.”

இப்படியே இரண்டு வருடம்.

ஒருநாள் இயக்குநருக்குப் புதுப் பதிப்பைக் காட்ட ஏற்பாடானது. “வாடிக்கையாளர் மெஷின் மாதிரியே ஒண்ணு தயார் பண்ணும்மா” என்றார் பொறியாளர். அவள் அப்படியே செய்தாள். அலுவலகத்தின் மின்னஞ்சல் குழுக்களை நடத்தும் மென்பொருளையும் ஏற்றினாள். அதிலும் ஓர் ஆட்யூசர் உண்டு. பெயரைத் தட்டினால் கணினி எந்த மென்பொருளில் முதலில் தேட வேண்டும் என்ற வரிசையில் அதை ஒரு படி மேலே வைத்தாள். ஏதாவது பிழைச்செய்தி வரும், மனிதர் கொஞ்சம் நெளிவார். அவ்வளவுதான் அவள் கணக்கு.

பொறியாளர் ஆட்யூசர் என்று தட்டி, மரியாதைக்காக இயக்குநரின் பெயரையே கொடுத்தார். ‘சேர்த்தாயிற்று’ என்றது திரை. அவர் பெருமையாகத் திரும்புவதற்குள் அறையிலிருந்த எல்லா போன்களும் ஒன்றாகக் கத்தின. ‘எடை குறைப்போர் குழுவில் நம் இயக்குநரும் சேர்ந்துவிட்டார். வரவேற்போம்!’ அலுவலகம் முழுவதற்கும் போயிருந்தது.

இயக்குநர் தன் தொந்தியைக் குனிந்து பார்த்தார். “நான் எப்பய்யா சேர்ந்தேன்?”

“அது... வேற ஆட்யூசர் சார், மின்னஞ்சல் குழுவோடது. குழு பேர் கொடுக்கலன்னா பட்டியல்ல முதல் குழுவுல சேர்த்துடும்போல” என்றாள் அவள், உதட்டைக் கடித்துக்கொண்டு. சிரிப்பும் வந்தது, பொறியாளரின் காது சிவந்ததைப் பார்த்து பாவமாகவும் இருந்தது.

அன்று மாலையே மூன்றெழுத்துக்கு உத்தரவு வந்தது. ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் விரல் பழகிப்போச்சு என்று சண்டைக்கு வந்தார்கள். அதனால் பழைய பெயர்களும் ஒரு வருடம் ஓடும். ஓடும்போதெல்லாம் ஓர் எச்சரிக்கை வரும். அதை அவள்தான் எழுதினாள்: ‘எத்தனை தடவை சொல்வது? புதுப் பெயரைத் தட்டுங்கள்.’ முதல் வாக்கியத்தைப் பொறியாளர் அழித்துவிட்டார்.

வீட்டில் கணவன் கேட்டான்: “ரெண்டு வருஷமா மல்லுக்கட்டி மூணே எழுத்தா?”

“இருபத்தேழு தடவை” என்றாள் அவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தபடி.