வாளி ஒட்டுகிறவர்

பொருளாதாரத் தடையால் புது வாளி எதுவும் வன்னிக்குள் வராத காலம். வட்டக்கச்சிச் சந்தையில் ஒருவர் பழுக்கக் காய்ச்சிய கத்தியால் உடைந்த வாளிகளை ஒட்டிக்கொடுப்பார். கூலியாக உடைந்த பிளாஸ்ரிக் துண்டுகளையே வாங்குவார். அவைதான் அடுத்த வாளிக்கு ஒட்டு. அவருடைய புருவங்கள் கருகியிருக்கும்.

என் வாளியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாரிடமும் கேட்பதையே என்னிடமும் கேட்டார்.

"தங்கச்சி, இது வீட்டில வைக்கிறதோ, இடம்பெயரேக்கை தூக்கிறதோ?"

"வீட்டுக்குத்தான் அண்ணை. அடி ஒழுகுது. இனி எங்கை போறது?"

அவர் அடியை ஒட்டி முடித்தபின், நான் கேட்காமலே, சுமை தூக்கினால் முதலில் முறிகிற, பிடி மாட்டும் இரண்டு காதுகளிலும் தடிப்பாக ஒட்டினார்.

அவருடைய சொந்த வாளி பக்கத்தில் இருந்தது. காதுகளில் ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனையோ நிற ஒட்டுகள். அடியில் இருந்த வெடிப்பை அவர் தொடவேயில்லை.