கற்பூரம் கரைத்த எண்ணெய்

மேரிசெல்வியின் கை பார்க்க அழகான கை இல்லை. மரக்காணம் உப்பளத்தில் வருஷக்கணக்காக உப்பு வாரி, உள்ளங்கை வெடித்து, விரலோரங்களில் தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்திருக்கும். சூடான பாத்திரத்தைத் தொட்டால்கூட உடனே உறைக்காது. அதனால் குழந்தையைக் குளிப்பாட்டும்போது தண்ணீரின் பதத்தை முழங்கையை விட்டுத்தான் பார்ப்பாள். ஆனால் எண்ணெய் பூசிய பச்சைக் குழந்தையை அந்தக் கை ஒருமுறை பிடித்துவிட்டால் வழுக்காது. அவர்கள் தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் முதலில் ஆள் அனுப்புவது அவளுக்குத்தான்.

அவள் அதற்கென்று பழகியவள் இல்லை. கிளியனூர்ப் பக்கத்திலிருந்து ஆரோக்கியராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்குக் கோதுமை மாவு சலிக்கச் சல்லடை கேட்கப் போனாள். அங்கே எடை குறைந்து பிறந்த ஒரு குழந்தையைத் தொடவே பயந்துகொண்டு மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். இவள் கீழே உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு ஏற்றி, காலை நீட்டி, "குடு இப்படி" என்று வாங்கித் தன் கணுக்கால்மேல் கிடத்திக்கொண்டாள். சல்லடையை மறந்துவிட்டு வீடு திரும்பினாள். அன்றிலிருந்து நாற்பது வயது தாண்டும் வரைக்கும் அது அவள் வேலையாகிவிட்டது.

உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைப்பாள். கை கால்களை மாற்றி மாற்றி நீவிவிடுவாள். தண்ணீர் ஊற்றித் துடைத்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவாள். பிறகு சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாவற்றையும் கல்லில் இரண்டு இழைப்பு இழைத்து, தாய்ப்பாலில் குழைத்துப் பாலாடையில் புகட்டுவாள். உரைமருந்து உள்ளே போன குழந்தை நன்றாகத் தூங்கும். தூங்குகிற குழந்தையைப் பார்த்து வீட்டார் அவளுக்கு வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணி கொடுப்பார்கள்.

சேனை வைக்கவும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறவரின் குணம் குழந்தைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. அதே தெருவில் இருக்கும் இலக்கியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, அவள் புருஷன் சதீஷ் ஆஸ்பத்திரிக்கே மேரிசெல்வியை பைக்கில் அழைத்துப் போனான்.

"நீதான்க்கா வெக்கணும். உன்ன மாதிரி யாருக்கும் பயப்படாத புள்ளையா வரணும்" என்றான்.

ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னபோது பலமாகத் தலையாட்டியவனும் அவன்தான். நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் மேரிசெல்வி சுண்டுவிரலால் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தாள். குழந்தை சப்புக்கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள்.

குழந்தைக்கு இன்னும் ஒரு மாதம்கூட முடியவில்லை. மார்கழிப் பனி. உப்பளத்தில் மழைத்தண்ணீர் நின்றதால் வேலை இல்லை. குழந்தைக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. மார்பில் வாய் வைத்து இரண்டு இழுப்பு இழுக்கும், மூச்சு முட்டி அழும், மறுபடி வாய் வைக்கும். மூன்றாவது நாள் காலையில் சதீஷின் அம்மா தையல்நாயகி வந்து மேரிசெல்வியைக் கூப்பிட்டாள்.

"சளி கட்டினு இருக்குது செல்வி. கற்பூர எண்ணெய் காச்சித் தடவு. ரெண்டு நாளா புள்ள பாலே குடிக்கல."

மேரிசெல்வி எப்போதும் கற்பூரத்தை நகத்தால் கிள்ளித்தான் போடுவாள். அன்றைக்குக் குழந்தை திணறுவதைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. அந்த வீட்டில் பூஜைக்கு வாங்கி வைத்திருந்த பாக்கெட்டிலிருந்து வில்லைகளை எடுத்துத் தேங்காய் எண்ணெயில் நொறுக்கிப் போட்டுச் சூடுபண்ணினாள். ஆறியதும் குழந்தையின் நெஞ்சு, முதுகு, உள்ளங்கால் என்று தாராளமாகத் தேய்த்தாள். மூக்கடியில் ஒரு தொடு. நாக்கில் ஒரு தொடு. பிறகு துணியில் இறுக்கமாகச் சுற்றி இலக்கியாவின் மடியில் கொடுத்தாள்.

தையல்நாயகி போட்ட டீயை மேரிசெல்வி குடித்து முடித்திருக்கமாட்டாள்.

"அக்கா, இங்க பாரு" என்றாள் இலக்கியா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவளுக்கே இன்னும் புரியவில்லை.

குழந்தையின் கண்கள் மேலே செருகியிருந்தன. துணிக்கு வெளியே வந்திருந்த ஒரு கை, யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் வெட்டி வெட்டி இழுத்தது. உதடு நாவல்பழ நிறத்துக்குப் போயிருந்தது. அழுகை இல்லை. சத்தமே இல்லை.

மேரிசெல்வி டம்ளரைக் கீழே வைத்தாள். கையை நீட்டினாள். ஆனால் அந்தக் கைக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக எத்தனையோ குழந்தைகளைத் தூக்கிய கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"மாந்தம் இழுத்துடுச்சு" என்று தையல்நாயகி அடுப்படிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கையில் விரலி மஞ்சள் இருந்தது. அதன் நுனி நெருப்பாகக் கனன்றது. "துணிய வெலக்குடி. வயித்துல ரெண்டு எடத்துல சூடு வெச்சா நின்னுடும்."

மேரிசெல்வி அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இலக்கியாதான் எழுந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, இன்னும் நிமிர்ந்து நடக்காத பெண். குழந்தையை மாரோடு அணைத்து, மாமியாரைத் தோளால் தள்ளிவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தாள். மஞ்சள் துண்டு தரையில் விழுந்து புகைந்தது.

மேரிசெல்வி பின்னால் ஓட, தகவல் தெரிந்து சதீஷும் வந்து சேர்ந்தான். மரக்காணம் அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது இலக்கியா கையை நீட்டி மேரிசெல்வியின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"நீயும் வாக்கா. எனக்குப் பயமா இருக்குது."

வண்டிக்குள் இருந்த ஊழியர் கேட்டார். "கொழந்தைக்கு எதனா குடுத்தீங்களா? மருந்து, எண்ணெய், கை வைத்தியம்?"

"தாய்ப்பால் மட்டும்தான் சார்" என்றான் சதீஷ்.

இலக்கியா அவனைப் பார்த்தாள். மேரிசெல்வி தன் முந்தானையைப் பார்த்தாள். அந்தச் சின்ன வண்டிக்குள் எண்ணெயும் மருந்தும் டீசலும் கலந்து அடித்த வாசனையில் கற்பூரம் தனியாகத் தெரியவில்லை. அல்லது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

புதுச்சேரியில் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். சதீஷ் மேரிசெல்வியிடம் வந்து மெதுவாகச் சொன்னான். "நீ ஒண்ணும் பேசாத. சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும். உன்னயத்தான் புடிப்பாங்க. எங்களயும் திட்டுவாங்க."

அவன் அவளைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னான். நர்ஸிடம் தான் தலையாட்டிய தலையாட்டலுக்கு வெட்கப்பட்டும் சொன்னான். இரண்டும் அவன் முகத்தில் இருந்தன.

கொஞ்ச நேரத்தில் குழந்தைகள் டாக்டர் வைஜெயந்தி வெளியே வந்தார். வயதில் சின்னவர்தான். களைப்பான முகம். "ஃபிட்ஸ் மறுபடி வந்துச்சு. எதனாலன்னு தெரியலை. மூளைக்காய்ச்சலா இருக்கலாம். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கணும். அப்பா வந்து கையெழுத்து போடுங்க" என்றார்.

சதீஷ் பேனாவை வாங்கினான். பேப்பரைச் சுவரில் வைத்தான்.

"டாக்டரம்மா" என்றாள் மேரிசெல்வி. "கற்பூரம் தடவுனேன். நாக்குலயும் வெச்சேன். நான்தான்."

டாக்டர் அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, அவள் வலது கையைப் பிடித்துத் தன் முகத்தருகே தூக்கி முகர்ந்தார். ஆஸ்பத்திரி சோப்பில் இரண்டு முறை கழுவிய கை. வெடிப்புகளுக்குள் எண்ணெய் இன்னும் இருந்தது.

"எவ்ளோ போட்டீங்க?"

மேரிசெல்வி விரலைக் குவித்துக் காட்டினாள். டாக்டர் கண்ணை மூடித் திறந்தார்.

"தோல் வழியாவே உள்ள போயிடும்மா அது. இவ்ளோ சின்ன உடம்புக்கு அது விஷம். அதுலயே ஃபிட்ஸ் வரும்." திரும்பி உள்ளே குரல் கொடுத்தார். "சிஸ்டர், குழந்தை உடம்புல இருக்கிற எண்ணெய் முழுசாப் போகணும், மறுபடி தொடைங்க. முதுகுல ஊசி இப்போ வேணாம்." சதீஷிடம், "இத வந்ததும் சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். போலீஸும் வரவில்லை, யாரும் கத்தவும் இல்லை. சதீஷ் பேனாவைப் பிடித்தபடியே நின்றான்.

உள்ளே போகத் திரும்பிய டாக்டர் நின்று கேட்டார். "உங்க ஊர்ல எல்லாரும் தடவுவாங்களா இப்படி?"

"நான்தான் தடவுவேன். எல்லார் வூட்டுக்கும்."

அதைச் சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே கேட்டது. சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். தடவிய குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்தார்கள், பள்ளிக்கூடம் போனார்கள், பைக் ஓட்டினார்கள். நினைவுக்கு வந்தது அவர்கள் யாரும் இல்லை. அவளுக்கே இரண்டாவதாகப் பிறந்த ஆண்குழந்தை. ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்டான். ஐப்பசி மழையில் சளி பிடித்திருந்தது. அவள்தான் நெஞ்சில் தேய்த்துவிட்டாள். விடிவதற்குள் கை இப்படித்தான் வெட்டி வெட்டி இழுத்தது. ஜன்னி என்றார்கள். அவளும் ஜன்னி என்றே இத்தனை வருஷம் சொல்லி வந்தாள்.

மாலையில் குழந்தைக்கு இழுப்பு நின்றுவிட்டதாக நர்ஸ் வந்து சொன்னாள். இலக்கியா அழுதாள். மேரிசெல்வி டாக்டர் வரும் வரை காத்திருந்து தன் பிள்ளையைப் பற்றிக் கேட்டாள். டாக்டர் முழுவதையும் நின்று கேட்டார்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். காய்ச்சல்லயும் அப்படி வரும். நான் பார்க்காத குழந்தைக்கு என்னால சொல்ல முடியாதும்மா."

"யாராலயும் சொல்ல முடியாதா?"

"முடியாது."

வீட்டுக்கு வந்து ஆரோக்கியராஜிடம் சொன்னாள். அவன் பழைய வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு அவனுக்குக் கட்டி கற்பூரம் வாங்கியாந்தவன் நானு" என்றான். "மழையில நனைஞ்சுனு போய் வாங்கியாந்தேன்." இருவரும் அன்று சாப்பிடவில்லை.

குழந்தை நலமாக வீடு திரும்பியது. ஊரே தன்மேல் பாயும் என்று மேரிசெல்வி எதிர்பார்த்தாள். தையல்நாயகி மட்டும் பேசுவதை நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் வாய் திறந்து மகனைப் பொய்யன் ஆக்கிவிட்டாளாம். மற்றவர்கள் பாராட்டினார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. குழாயடியில் ஒருத்தி சொன்னாள்: "செல்வி கூட இருந்ததால புள்ள பொழைச்சுது. அவ கைராசி அப்படி."

"நான் குடுத்த விஷத்துலதான் இழுத்துது" என்றாள் மேரிசெல்வி.

"ஏன் செல்வி இப்படிப் பேசற" என்று அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பொங்கல் கழிந்து மலர்கொடி என்ற பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. மறுபடி ஆள் வந்தது. போகக் கூடாதென்று இருந்தவள், போகாவிட்டால் வேறு யாராவது வருவார்கள் என்று போனாள். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, துடைத்து, தாயிடம் கொடுத்துப் பால் கொடுக்கச் சொன்னாள். எண்ணெய் இல்லை, புகை இல்லை, உரைகல்லைத் தொடவில்லை. மலர்கொடியின் மாமியார் காத்திருந்து பார்த்துவிட்டு, "வெறும் தண்ணி ஊத்தவா உன்னக் கூப்டேன்?" என்று கேட்டாள். அடுத்த நாள் கூப்பிடவில்லை. மெல்ல எல்லா வீட்டிலும் அப்படியே ஆயிற்று. குளிப்பாட்டுவதற்கு வேறொருத்தி கிடைத்தாள்.

வெயில் ஏறி உப்பளத்தில் வேலை தொடங்கியது. ஒரு நாள் உப்பு வாரும்போது, மலர்கொடியின் குழந்தைக்கு நெஞ்சில் சளி என்று யாரோ பேசிக்கொண்டார்கள். மேரிசெல்வி கூடையை வரப்பில் வைத்தாள். காலெல்லாம் சேறும் உப்புமாக அந்த வீட்டுக்கு நடந்தாள். யாரும் கூப்பிடாமல் ஒரு பிள்ளை பெற்ற வீட்டுக்குள் அவள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. அடுப்பில் கற்பூரம் போட்ட எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கரண்டியோடு இறக்கிக் கொல்லையில் கொட்டினாள்.

"பைத்தியமாடி உனக்கு?" என்று மாமியார் அவளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

மேரிசெல்வி போகவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தாள். "மலரு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போ" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். சற்றுப் பொறுத்து மறுபடி சொன்னாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சதீஷின் வீட்டிலிருந்து இலக்கியா தன் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் கேட்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே நெடுநேரம் சண்டை நடந்தது. கடைசியில் கதவு திறந்தது. மலர்கொடி குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கி, ஆட்டோ நிற்கும் பக்கம் போனாள்.

குழந்தையின் துணியிலிருந்து வாசனை வருகிறதா என்று மேரிசெல்வி மூச்சை இழுத்துப் பார்த்தாள். பால் வாசனை மட்டும்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் எழுந்து வேலைக்குத் திரும்பினாள்.