பிரேக் கம்பிக் கண்ணி

அம்மா என் கரடி பொம்மையின் கழுத்தில் சுருக்கு மாட்டி ஹால் கார்ப்பெட்டில் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அப்பா ஆபீசிலிருந்து வந்தார். லேப்டாப் பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன நடக்குது இங்க?"

"டெஸ்ட் பண்றோம்," என்றேன் பெருமையாக. கரடி என்னுடையது. ஆகவே அந்தச் சோதனையில் எனக்கும் பங்கு உண்டு என்பது என் கணக்கு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே, ஃப்ரீவேயை விட்டு இறங்கி இருபது நிமிடம் போனால் வரும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அபார்ட்மெண்டுகளில் இருந்தன. அம்மா மட்டும் மண் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தாள். வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் இருந்தார். எண்ணெய்க் கிணறுகளில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரக் கிழவர். மனைவி இறந்தபின் மூன்று கால் நாய் ஒன்றோடு தனியாக வாழ்ந்தார். இரண்டு வீடுகளுக்கும் பின்னால் அவருடைய குளம். குளத்துக்கு மண்கரை. கரைக்குக் கீழே அம்மாவின் தோட்டம். வெண்டை, கத்தரி, புடலை, அவரை என்று அங்கே விளையாத காய் இல்லை. சனிக்கிழமைகளில் ஐந்தாறு குடும்பங்கள் காரில் வந்து, அம்மாவைப் புகழ்ந்துகொண்டே பை பையாகப் பறித்துக்கொண்டு போவார்கள்.

அந்த அக்டோபரில் குளத்துக்கு நியூட்ரியாக்கள் வந்து சேர்ந்தன. பூனை அளவுக்குப் பெரிய எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பற்கள் மட்டும் நல்ல ஆரஞ்சு நிறம். ரோமத்துக்காக வளர்க்க எப்போதோ தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தவை, தப்பித்துப் போய்ப் பெருகிவிட்டனவாம். அவை தோட்டத்தைத் தின்றதைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டாள். ஆனால் அவை கரைக்குள் வளை தோண்டின. ஒருநாள் காலையில் கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் கரையிலிருந்து தண்ணீர் கசிந்தது.

கிழவர் வந்து பார்த்தார். பெரிய மழை ஒன்று பெய்தால் கரை உடையும், உடைந்தால் தண்ணீர் நேராக எங்கள் வீட்டுக்குள் வரும் என்றார். விலங்கு பிடிப்பவரைக் கூப்பிட்டால் ஒரு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அவரிடம் முன்பு இரும்புப் பொறிகள் இருந்தன. அதில் ஒன்று தன் நாயின் காலையே பிடித்துவிட்டதால் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டார். ஆகவே அடுத்த சனிக்கிழமை இயந்திரம் கொண்டுவந்து கரையை வெட்டிக் குளத்தை வடித்துவிடப் போவதாகச் சொன்னார். இயந்திரம் இறங்க வேறு வழி இல்லை. தோட்டத்தின் மேல்தான் ஏறிப் போக வேண்டும்.

அம்மா குனிந்து கசிவை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் நிதானமான ஆங்கிலத்தில், சனிக்கிழமை வரை எனக்கு நேரம் கொடுங்கள், நான் பிடிக்கிறேன் என்றாள். கிழவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமலிருக்கச் சிரமப்பட்டார் என்பது எனக்கே தெரிந்தது. வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டார். சொந்தக் கரையைக் கெடுக்கும் விலங்கைப் பிடிக்கலாம், தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்றார்களாம். பழைய கம்பிக் கண்ணிகள் இரண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அவருடைய பட்டறைக்குள் மட்டும் யாரையும் விடமாட்டார். கண்ணிகளை வெளியே கொண்டுவந்துதான் தந்தார்.

திங்கட்கிழமை அந்த இரண்டையும் கரையில் வைத்தோம். அவை ஓநாய் ஜாதி விலங்குகளுக்கானவை. சுண்டுவிரல் தடிமன் இல்லை என்றாலும் முரட்டுக் கம்பி. மறுநாள் போய்ப் பார்த்தால் நியூட்ரியா கண்ணியை முட்டி ஒதுக்கிவிட்டு, சாவகாசமாகப் போயிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே அம்மா படம் மாட்டும் மெல்லிய கம்பியில் சுருக்குப் போட்டாள். அதில் ஒன்று மாட்டியது. மாட்டிய வேகத்தில் சுழன்று சுழன்று கம்பியை முறுக்கி அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அறுந்த முனையை அம்மா விரலால் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தோற்றுப்போய்விட்டோம் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது. அம்மாவின் முகத்தில் அழுகையே இல்லை. ஏதோ ருசியான பண்டத்தை வாயில் போட்டுக்கொண்டவள்போல இருந்தாள்.

"வளையணும், ஆனா அறுந்துபோகக் கூடாது. சுத்தினா முறுக்கு ஏறக் கூடாது. இறுகினா திரும்பி நழுவக் கூடாது. மூணே விஷயம்தான்டி," என்றாள் என்னிடம். பிறகு நேராக காரேஜுக்குப் போனாள்.

அங்கே அப்பாவின் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. டாக்டர் சொன்னார் என்று வாங்கி, இரண்டு முறை ஓட்டியது. பிரேக் கம்பி என்பது மெல்லிய எஃகு இழைகளைச் சேர்த்து முறுக்கியது. வளையும், லேசில் அறாது. அம்மா அதை உருவினாள். கடைக்குப் போய் இன்னும் ஐந்தாறு வாங்கிவந்தாள். வாஷர்களை இரண்டு குறடுகளால் பிடித்து மடக்கி, இரண்டிரண்டு துளை போட்டாள். அதன் வழியே கம்பி ஓடினால் சுருக்கு இறுகும், திரும்பி வராது. கம்பியின் நுனியில் சிறிய நட்டைக் கோத்துச் சுத்தியலால் நசுக்கி நிறுத்தம் வைத்தாள். முறுக்கு ஏறாமலிருக்க, நாய்ச் சங்கிலியில் இருக்குமே சுழலும் கொக்கி, அது. கம்பியை ஸ்பூனின் விளிம்பில் அழுத்தி இழுத்து ஒரு வளைவு ஏற்றினாள். அதற்குப்பின் தொட்டாலே சுருக்கு தானாக மூடிக்கொண்டது. கரடியின் வயிற்றில் துண்டைச் சுற்றி நியூட்ரியா பருமனுக்குக் கொண்டுவந்து, எத்தனை அகலம் வைத்தால் சரியாகக் கழுத்தில் விழுகிறது என்று ஒரு நோட்டில் எழுதினாள். புதன்கிழமை மாலை அந்தக் கட்டத்தில்தான் அப்பா வந்தது.

"அது என் சைக்கிள் கம்பிதானே?"

"ஓட்டுறீங்களா?" என்றாள் அம்மா, நிமிர்ந்து பார்க்காமல்.

அப்பா சட்டையை மாற்றிக்கொள்ள உள்ளே போய்விட்டார்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் மாடி ஜன்னலில் உட்கார்ந்து, அவை எங்கே கரையேறுகின்றன என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் கண்ணி வைத்த அகலமான பாதையில் வாத்துகள்தான் அதிகம் போகின்றன என்று கண்டுபிடித்தது நான்தான். நியூட்ரியாக்கள் கோரைக்கு நடுவே, சேறு பளபளக்கும் ஏழு சறுக்குகளில் வழுக்கி ஏறி இறங்கின. கிழவரின் நாய் அந்தச் சேற்றுப் பக்கமே போகாது, ஆகவே அதற்கு ஆபத்தில்லை. படம் வரைந்து காட்டியதும் அம்மா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

வியாழக்கிழமை கம்பிகளை சோடா உப்புப் போட்டுப் பழைய குக்கரில் வேகவைத்தோம், எண்ணெய் வாடையும் பளபளப்பும் போவதற்காக. பொழுது சாயும் முன் ஏழு சறுக்கிலும் இரும்பு முளை அடித்து, தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில் ஏழு கண்ணிகளைத் தொங்கவிட்டோம். கோரைக்குள் அவை கண்ணுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி பஸ் வருவதற்கு முன் போனோம். கிழவரும் காபிக் கோப்பையோடு வந்தார். நாளைக்கு இயந்திரம் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். முதல் கண்ணியில் ஒன்று, அசையாமல். இரண்டாவது காலி. மூன்றில், நான்கில், ஏழில். மொத்தம் நான்கு. அவற்றின் ஈரமான ரோமத்தைப் பார்த்ததும் நான் அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன். அம்மாவும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த கணம் நான் "யெஸ்!" என்று கத்திக்கொண்டு கரைமேல் குதித்தேன். அம்மாவும் சேற்றுக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். என் அம்மா குதித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

கிழவர் காபியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கண்ணியைக் கழற்றினார். வாஷரைக் கட்டைவிரலால் தள்ளினார், ஓடியது. திருப்பி இழுத்தார்; ஓடவில்லை. தொப்பியைக் கழற்றினார். இதை யார் செய்தது என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் அம்மா ஆங்கிலத்தில். கொஞ்சம் நிறுத்தி, "நான் ஒரு எஞ்சினியர்," என்றாள்.

அம்மா பொய் சொல்வதைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நோ! டாட்தான் எஞ்சினியர். மாம் இஸ் ஜஸ்ட் மாம்," என்று உடனே திருத்தினேன்.

அம்மா என்னை அதட்டவில்லை. சிரித்தபடியேதான் இருந்தாள். கிழவர்தான் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய், திரும்பி வந்து, தன் பட்டறைச் சாவியை அம்மாவின் சேற்றுக் கையில் வைத்தார். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் உள்ளே இருக்கிறது, வெல்டிங் மெஷின் இருக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் மேம் என்றார். இயந்திரம் வேண்டாம் என்று போன் செய்தார்.

இரண்டு வாரத்தில் பதினேழு நியூட்ரியாக்கள். கிழவர் அவற்றின் தோலைப் பதப்படுத்தினார். வளைகளைக் களிமண்ணால் அடைத்தோம். நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. கரை நின்றது. அந்த சனிக்கிழமை வந்த குடும்பங்களுக்கு அம்மா கேசரி கிண்டிக் கொடுத்து, கண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, கதையை முதலிலிருந்து மூன்று முறை சொன்னாள். நான் ஒவ்வொரு முறையும் கரடியைக் கொண்டுவந்து நடித்துக் காட்டினேன்.

அம்மா கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தவள் என்பதும், ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் நான்கு வருடம் இருந்தவள் என்பதும், அப்பாவின் விசாவைச் சார்ந்து வந்ததால் இந்த நாட்டில் வேலை பார்க்க அனுமதி இல்லாமல் பதினோரு வருடம் வீட்டில் இருந்தாள் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அந்த வெள்ளிக்கிழமைக் காலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தோட்டம் பிழைத்தது என்பதுதான். கத்தரிக்காய்க்காக ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாளா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்.