என் நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டவர்

நோய் முதலில் என் விசிலில்தான் தெரிந்தது.

அறுபதுகளின் பிற்பகுதி அது. புதுவயலில் புறப்பட்டு, காரைக்குடி, கல்லல், காளையார்கோவில் வழியாகச் சிவகங்கை போகும் தனியார் பஸ் ஒன்றில் நான் கண்டக்டர். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும். இரண்டு அடித்தால் புறப்பட வேண்டும். அன்று நாட்டரசன்கோட்டை விலக்கில் நிறுத்தச் சொல்லி நீளமாக ஒரு விசில் ஊதினேன். பாதியில் இருமல் வந்து அதை இரண்டாக வெட்டிவிட்டது. வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த டிரைவர் சோலையண்ணன் மறுபடி மிதித்துப் பறந்துவிட்டார். இறங்குவதற்காகக் கூடையைத் தலையில் தூக்கி வைத்திருந்த ஓர் அம்மாள் கத்தரிக்காயோடு சிவகங்கை வந்து சேர்ந்தார். வழி முழுக்க என் வம்சத்தையே இழுத்து அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

"ஒழுங்கா ஊதுப்பா. ஒண்ணா ரெண்டான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சோலையண்ணன்.

"ஊதினது ஒண்ணுதாண்ணே. இருமல் ரெண்டாக்கிருச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த இருமலுக்குச் சரியான பெயர் தெரிய அன்றிலிருந்து ஏழு மாதம் ஆயிற்று. இதைப் படிக்கும் நீங்கள் இருமிக்கொண்டிருக்கலாம், அல்லது உங்கள் வீட்டில் ஒருவர் இருமிக்கொண்டிருக்கலாம். அந்த ஏழு மாதம் எங்கே போயிற்று என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் இரண்டு மாதத்தைப் பயணிகள் எடுத்துக்கொண்டார்கள். கண்டக்டர் இருமினால் வண்டியில் இருக்கும் ஐம்பது பேரும் வைத்தியர்கள். புதுவயலில் ஏறுகிறவர்கள், அரிசி ஆலைத் தூசி என்றார்கள். காரைக்குடியில் ஏறுகிறவர்கள், ஊர் ஊராகத் தண்ணீர் குடிப்பதால் என்றார்கள். கல்லலில் ஏறுகிறவர்கள், கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிவிட்டது என்றார்கள். தூதுவளை, திப்பிலி, ஆடாதோடை, ஒரு தூக்குச்சட்டி நிறைய நண்டு ரசம் எல்லாம் எனக்காக வண்டியேறின. காளையார்கோவிலில் ஏறிய பெரியவர் ஒருவர் மட்டும் மருந்து எதுவும் சொல்லவில்லை. டிக்கெட் கிழித்துக் கொடுத்த என் கையைப் பார்த்தார். "மணிக்கட்டு ரொம்ப மெலிஞ்சிருக்கேப்பா" என்றார். காதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டியது அந்த ஒரு வார்த்தையைத்தான். நான் நண்டு ரசத்தைக் குடித்தேன்.

அடுத்த மூன்று மாதத்தை 'டாக்டர்' எடுத்துக்கொண்டார். எங்கேயோ கம்பவுண்டராக (மருந்து கலந்து கொடுப்பவர்) இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தினமும் முன் ஸீட்டில் வருவார். என்னை ஓடுகிற வண்டியிலேயே பரிசோதித்தார். ஸ்டெதாஸ்கோப்பை (நெஞ்சின் ஒலி கேட்கும் குழாய்) என் முதுகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னப்பா, உள்ள இப்படிக் கடகடன்னு கேக்குது?"

"அது கியர் பாக்ஸு டாக்டர்" என்றார் சோலையண்ணன், திரும்பாமலே.

எனக்குச் சிவப்பு மிக்சர் ஒரு பாட்டில் கிடைத்தது. அது தீர்ந்ததும் இன்னும் சிவப்பாக ஒன்று கிடைத்தது. குடித்தால் இருமல் இரண்டு மணி நேரம் தூங்கும். கூடவே நானும் தூங்கிவிடுவேன். இரண்டு ஊர்க்காரர்கள் டிக்கெட் வாங்காமல் இறங்கிப் போனார்கள்.

என் மனைவி பஞ்சவர்ணத்துக்கு மிக்சரில் நம்பிக்கை இல்லை. "சாயந்தரமானா உடம்பு சுடுது. வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது. பஸ்ல வர்ற டாக்டரு பஸ்ஸத்தான் பாக்குறாரு, ஒங்களப் பாக்கல. நீங்களும் சிரிச்சுக்கிட்டே இருக்கீக" என்றாள். நான் அதற்கும் சிரித்தேன். மறுவாரம் ஒரு காலையில் இருமி முடித்துக் கைக்குட்டையைப் பார்த்தபோது, வெற்றிலைச் சாறு போல ஒரு சிவப்பு இருந்தது. நான் வெற்றிலை போடுவதில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். தப்பு நடந்தது அங்கேதான், நல்லது நடந்ததும் அங்கேதான். எக்ஸ்ரே (நெஞ்சின் உள்ளே தெரியும் நிழற்படம்) எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். முதல் முறை போனபோது படம் எடுப்பவர் விடுமுறை. இரண்டாம் முறை மின்சாரம் இல்லை. மூன்றாம் முறை ஆள் இருந்தார், மின்சாரமும் இருந்தது, பிலிம் இல்லை. நாலாம் முறை, ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாம் சேர்ந்தாற்போல் இருந்தன. "மூச்ச இழுத்து நிறுத்து" என்றார்கள். இழுத்தேன். நிறுத்துவதற்குத்தான் மூன்று தடவை ஆயிற்று. இப்படி ஒரு மாதத்துக்கு மேல் போனது.

ஒரு வாரம் கழித்து முடிவு வாங்கப் போனேன். மேஜையைச் சுற்றிக் கூட்டம். டாக்டர் பழுப்பு உறையில் 'சு. கருப்பையா' என்று என் பெயரைப் படித்துவிட்டுப் படத்தை உருவினார்.

"நுரையீரல் சுத்தமா இருக்கு. விலா எலும்புல ஒரு கீறல். எங்கயாவது இடிபட்டீங்களா?"

"இடிபடாத நாளே இல்லைங்க, பஸ் கண்டக்டரு" என்றேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. "ஆனா இருமல்..." என்று ஆரம்பித்தேன். "விலா சேர்ற வரைக்கும் இருமக்கூடாது" என்றார். நெஞ்சைச் சுற்றி அகலமாகப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள்.

வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எலும்புதானே! பஸ் டாக்டரும் அதற்கு விளக்கம் வைத்திருந்தார். "இருமி இருமி எலும்பே விட்டுப்போச்சுப்பா. நான் நெனச்சேன்" என்றார். ரத்தத்தைப் பார்த்த நாளிலிருந்து என் மூன்று வயது மகள் செல்வியைத் தூக்காமல் இருந்தேன். அன்று அவளைத் தோளில் உட்கார வைத்து ஊர் சுற்றினேன். என் தட்டிலேயே அவளுக்கும் ஊட்டினேன். இதை எழுதும்போது கை இப்போதும் ஒரு நிமிடம் நிற்கிறது.

பிளாஸ்திரிக்குள் இருமுவது, தைத்த மூட்டைக்குள் கோழியை வைத்த மாதிரி. வெளியே வரவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அப்படி மூன்று வாரம் போனது.

அந்த நாட்களில்தான் உட்காராத பயணி ஒருவர் காலை வண்டியில் வர ஆரம்பித்தார். நடுவழியில் ஏறுவார், இரண்டு ஊர் தள்ளி இறங்குவார். நல்ல வாட்டசாட்டமான விவசாயி. என்னைவிட ஓரிரு வயது கூட இருக்கும். வண்டி காலியாகக் கிடந்தாலும் மேல்கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஸீட்டெல்லாம் காலியாக் கெடக்கே, உக்காருங்கண்ணே."

"உக்கார்ற எடத்துலதான் தம்பி ஊசி போடுறாக. இன்னியோட பதினெட்டு."

"என்ன வியாதிக்கு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சயமாம் (காசநோய்)." சொன்ன கையோடு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீ பயப்படாத. ஒம்மேல மூச்சுக்கூடப் படாம அங்குட்டுத் திரும்பித்தான் நிப்பேன்."

நான் இருமி முடித்துவிட்டு, "ஒங்களுக்கு இருமலே காணமேண்ணே?" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் வெளங்கல. மாடு முட்டி நெஞ்சு வலின்னு போனேன். படம் புடிச்சுப் பாத்துட்டு, உள்ள அரிச்சுப்போச்சுன்னுட்டாக. வீட்ல தனித் தட்டு, தனிச் செம்பு. பொண்டாட்டி நாளைக்கு நாலு முட்டையும் பாலும் குடுத்துட்டு ஒக்காந்து அழுவுறா. எட்டு ராத்தல் (பவுண்டு) எடை கூடிட்டேன். மருந்து நல்லாக் கேக்குதுங்கிறாரு டாக்டரு. நெஞ்சு வலிதான் போவேனாங்குது."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். சொன்னார். என்றைக்குப் படம் எடுத்தார்கள் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை என்றார். பிளாஸ்திரிக்குள் எனக்கு வியர்க்க ஆரம்பித்தது.

"ஒங்க பேரு?"

"கருப்பையா."

"அப்பா பேரு?"

"சுப்பன்."

என் அப்பா பெயர் சுந்தரம். நான் ஏன் விசில் ஊதினேன் என்று எனக்கே தெரியாது. வண்டி நட்டநடுப் பொட்டலில் நின்றுவிட்டது. சோலையண்ணன் எட்டிப் பார்த்து, "இங்க என்னப்பா ஸ்டாப்பு?" என்றார்.

"அண்ணே, இவரு போட்டுக்கிட்டிருக்கது என் ஊசிண்ணே" என்றேன்.

மறுநாள் இரண்டு கருப்பையாக்களும் ஒன்றாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று மேஜையில் இருந்தவர் புதிதாக வந்த இளம் டாக்டர். இரண்டு உறைகளையும் தேடி எடுக்கச் சொன்னார். இரண்டு படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். எட்டு ராத்தல் கூடியவர் ஒருவர், வேட்டி நிற்காதவர் ஒருவர். கேள்வியே கேட்காமல் என் பிளாஸ்திரியை அவர் கையாலேயே பிய்த்தார். முதுகில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். அங்கே கியர் பாக்ஸ் எதுவும் இல்லை.

"உறை மாறியிருக்கு. தப்பு எங்க மேலதான். ரெண்டு பேரும் மன்னிக்கணும்" என்றார்.

"அப்ப எனக்குச் சயம் இல்லையா?" என்றார் பெரிய கருப்பையா.

"இல்லை. விலா எலும்புலதான் கீறல்."

"பதினெட்டு ஊசி போட்டாச்சேங்க?"

"வீண்தான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "தம்பி கணக்குல கழிச்சுக்க முடியாதுங்களா?" என்று கேட்டார். டாக்டர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். என்னால் அடக்க முடியவில்லை. சிரித்தேன், இருமினேன், கைக்குட்டையில் மறுபடி அந்தச் சிவப்பைப் பார்த்தேன்.

மூன்று நாள் விடிகாலைச் சளியைப் பரிசோதித்தார்கள். மூன்றிலும் கிருமி இருந்தது. இடது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு பொத்தல். ஏழு மாதத்துக்கு முன்பே வந்திருந்தால் இத்தனை பெரிதாகியிருக்காது என்றார் டாக்டர். ஏழு மாதமும் நான் வாசல் வாசலாக ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வாசல்களில் பாதி பஸ் வாசல் என்று அதற்குள் நினைவு வந்துவிட்டது.

செல்விக்கு முன்கைத் தோலில் ஒரு சோதனை ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் அந்த இடம் தடித்திருந்தால் கிருமி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த மூன்று நாளும் பஞ்சவர்ணம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் இல்லை, பேசினால் அழுதுவிடுவோம் என்ற பயம் என்று பிறகு சொன்னாள். குழந்தை கையை நீட்டி நீட்டி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார். தடிப்பு இல்லை. இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் பார்த்தார். அப்போதும் இல்லை. பஞ்சவர்ணம் அங்கேயே ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி) தினமும் ஒன்று. கூடவே மாத்திரைகள். ஊசி சில மாதம், மாத்திரை ஒன்றரை வருடம் என்றார்கள். ஊசி போட ஆரம்பித்ததும் காதுக்குள் ஒரு ரீங்காரம், நின்றால் தலைசுற்றல். அசையாமல் நிற்கிற வீட்டுக்குள், ஓடுகிற பஸ்ஸில் நடப்பதுபோல் நடந்தேன். தெருவில் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தண்ணீர் கேட்டு வருகிறவர்கள்கூட அடுத்த வீட்டில் கேட்டார்கள்.

வந்தவர் பெரிய கருப்பையா ஒருவர்தான். வாராவாரம் ஒரு கூடை முட்டையோடு வருவார். "பழக்கமாயிருச்சு தம்பி, தனியாத் திங்க முடியல" என்று என்னோடு சாப்பிடுவார். ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்வார், இருமும்போது வாயில் துணி வைக்கச் சொல்வார். ஒருநாள் ஊசி வலிக்கிறது என்றேன். "இடது பக்கம் போடச் சொல்லு, வலது பக்கம் நரம்பு இருக்கு. இந்த வியாதியில நான் ஒனக்கு மூணு வாரம் சீனியர்" என்றார்.

நாலாம் மாதம் எனக்கு இருமல் நின்றுவிட்டது. பசி வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இங்கேதான் நிறையப் பேர் மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு, திரும்ப முடியாத பக்கம் போய்விடுகிறார்கள். பஞ்சவர்ணம் பெரிய கருப்பையாவுக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

அவர் வந்தார். அன்று முட்டை கொண்டுவரவில்லை.

"வியாதியே இல்லாத நான் பதினெட்டு ஊசி போட்டுக்கிட்டேன். வியாதி இருக்க ஒனக்கு மாத்திரை முழுங்க வலிக்குதோ?"

இன்றுவரை எந்த டாக்டரும் இதைவிடத் தெளிவாக எனக்கு அறிவுரை சொன்னதில்லை. மாத்திரையை எடுத்து அவர் கண்முன்னே விழுங்கினேன்.

ஒன்றரை வருடம் முடிந்து கடைசிப் படம் எடுத்தார்கள். உறையில் என் பெயர், அப்பா பெயர், ஊர், தொழில் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று நானே இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டேன். பொத்தல் மூடியிருந்தது. அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு. அது போகாது, கடைசிவரை இருக்கும் என்றார் டாக்டர்.

மறுபடி அதே வண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆனால் பழைய உடம்பில் சேரவில்லை. முன்பெல்லாம் மூச்சு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொன்றும் உள்ளே போவதும், இடது பக்கம் ஓரிடத்தில் கொஞ்சம் தயங்கி அப்புறம் வெளியே வருவதும் தெரிகிறது. ஓடிப்போய் ஏற மாட்டேன். ஐந்து நிமிடம் முன்னதாகவே வீட்டைவிட்டுப் புறப்படுகிறேன். நாளைக்கு, அடுத்த மாதம் என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால், அது எவ்வளவு பெரிய சொல் என்று தோன்றுகிறது.

விடுமுறை நாட்களில் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். என் இருமல் சத்தத்திலேயே மாதக்கணக்கில் தூங்கிப் பழகிய பஞ்சவர்ணத்துக்கு, இப்போது வீடு அமைதியாக இருந்தால் பயம். கண்ணயர்ந்த நேரத்தில் வந்து தோளைத் தட்டுவாள்.

"இருக்கீகளா?"

"இருக்கேன்."

"சரி, தூங்குங்க" என்று போய்விடுவாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வராது. விழித்தபடியே சும்மா படுத்திருப்பேன். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.