மஞ்சள் வைனும் அம்மாவின் கறித்தூளும்

எங்கள் வீட்டில் வைன் என்ற சொல்லை அம்மா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ‘அந்தச் சாமான்’ என்பார். அப்பா பான் நகரில் ஒரு பிரெஞ்சு வைன் இறக்குமதிக்காரரின் களஞ்சியத்தில் பதினேழு வருடம் பெட்டி தூக்கியவர். அந்தப் பதினேழு வருடமும் வேலைச் சட்டையை வாசலிலேயே கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் அவர் உள்ளே வரலாம். இத்தனைக்கும் அவர் குடிக்கிறவர் அல்லர். முகர்வார், வாயில் வைத்துக் கொப்பளிப்பார், துப்பிவிடுவார். அதை அம்மா நம்பினாரா என்பது வேறு கதை.

ஜெர்மனியின் தலைநகரம் பானிலிருந்து பெர்லினுக்குப் போனதோடு தூதரகங்களும் போயின, அவற்றோடு விருந்துகளும் போயின. அப்பாவின் முதலாளிக்கும் வயது போய்விட்டது. கடையை மூடப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். பெயர் பெற்ற பிரெஞ்சு வைன்களையெல்லாம் மற்ற வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போக, ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு வைன் மட்டும் மூலையில் கிடந்தது. பிரான்சின் கிழக்கு ஓரத்தில், சுவிஸ் எல்லையை ஒட்டி, ஜூரா என்று ஒரு சின்ன மலைநாடு இருக்கிறது. அங்கே செய்கிற மஞ்சள் வைன் அது.

அப்பாவுக்கு அந்த வைன்மேல் ஒரு கிறுக்கு. லொறியோடு ஒருமுறை அந்த மலைக்குப் போய்வந்ததில் பிடித்த கிறுக்கு. மற்ற வைன்கள் மரப்பீப்பாயில் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புவார்களாம். இதை நிரப்புவதில்லை. ஆறு வருடத்துக்கு மேல் அப்படியே விட்டுவிடுவார்கள். மேலே பாலாடை போல ஒரு படலம் படரும். அதன் கீழே வைன் வற்றி வற்றி மஞ்சளாகும். மிஞ்சுவதைக் குண்டுப் போத்தல்களில் அடைப்பார்கள். “என்ரை அசூல் கேஸ் மாதிரி” என்பார் அப்பா. பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி அவர் கொடுத்த அகதி விண்ணப்பமும் ஆறு வருடம் ஏதோ ஓர் அலுவலக அலுமாரியில் கிடந்துதான் முடிவானது.

ஒருநாள் அந்தப் போத்தலின் தக்கையை என் மூக்கின் கீழ் பிடித்தார். எனக்குப் பத்து வயது.

“வடிவா மணந்து பார். என்ன மணக்குது?”

“அம்மாவின்ரை தூள்!”

அப்பா சிரித்த சிரிப்பை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. வறுத்த வெந்தயமும் மல்லியும் கலந்த அந்த மணம் அதில் அப்படியே இருந்தது. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதே, தன்னுடைய தூளைச் சாராயத்தோடு சேர்த்ததற்கு வீட்டை இரண்டாக்கிவிடுவார் என்றார் அப்பா. நானும் சொல்லவில்லை. அம்மா அந்தப் போத்தல்களில் ஒன்றையும் முகர்ந்து பார்த்தவர் அல்லர். அதன் மணம் அவருக்குக் கடைசிவரை தெரியாது.

வீட்டில் இருந்த காசையெல்லாம் போட்டு அந்த மூலைப் பெட்டிகள் முழுவதையும் அப்பா வாங்கி, எங்கள் குடியிருப்பின் நிலவறையில் எங்களுக்கு ஒதுக்கிய அறையில் அடுக்கினார். தெருமுனையில் ஒரு பூக்கடை மூடிக் கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்து, ஒருவருக்கும் தெரியாத பிரெஞ்சு வைன்கள் மட்டுமே விற்கிற கடை போடுவது அவருடைய திட்டம். ரைன் நதிக்கரை ஹோட்டல்கள் சிலவற்றுக்கு வைன் கொள்முதல் செய்கிற ஒரு ஜெர்மன்காரர், வீட்டுக்கே வந்து ருசி பார்ப்பதாக ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்கு டெர்மின் என்று நேரம் குறித்துத் தந்திருந்தார். அவர் பிடித்திருக்கிறது என்றால் கடை. இல்லையென்றால் வேலைத் திணைக்களம் கைகாட்டுகிற இடத்தில் கூட்டித் துடைக்க வேண்டியதுதான். நடுவில் ஒன்றும் கிடையாது.

அவரோடு ஜெர்மன் மொழியில் பேசப்போவது நான். “என்ரை டொச்சு பெட்டி தூக்கிற டொச்சு. பிள்ளை சொன்னால் எடுபடும்” என்று அப்பா முடிவெடுத்துவிட்டார். முதலாளி ஜெர்மன் மொழியில் எழுதிக்கொடுத்த ஒரு தாளை நான் பாடமாக்க வேண்டும். அதில் மூன்று வரிகள்தான் முக்கியம். முதலில் வால்நட் மணக்கும். பிறகு பழுத்த ஆப்பிள். கடைசியில் கறித்தூள் மணக்கும், அது குறையல்ல, அதுதான் இந்த வைனின் பெருமை.

முதல் இரண்டு வரிகளும் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாவதில் ‘கறி’ என்ற சொல் வந்தது. ஜெர்மன் மொழியிலும் அது கறிதான். ரயில் நிலைய வாசலில் கறித்தூள் தூவிய தொத்திறைச்சியை நின்றபடியே விழுங்குகிற நாடு இது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அது என் பெயர். என் ஜாக்கெட் தொங்கும் கொளுக்கியின் இரண்டு பக்கமும் வேறு ஜாக்கெட் தொங்காது. பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இடம் மாறிப் போனாள். இதை நான் வீட்டில் சொன்னதில்லை. சொன்னால் அம்மா என்ன செய்வார், சமைக்காமல் இருப்பாரா? அந்தச் சொல்லை ஒரு ஜெர்மன்காரர் முகத்துக்கு நேரே நானே சொல்வதா? அதற்குச் செத்துப்போகலாம் என்று நினைத்தேன். பத்து வயதில் அப்படித்தான் நினைக்க முடியும்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள். வைன் பார்க்க வருகிறவரின் மூக்குக்கு மணம் எதுவும் குறுக்கே நிற்கக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். ஏழு நாளும் பாணும் பட்டரும் அவித்த உருளைக்கிழங்கும்தான். வெள்ளிக்கிழமை சாமிக்குச் சாம்பிராணிகூட இல்லை. மாசிப் பனியில் யன்னலெல்லாம் திறந்துவிட்டு, கம்பளிச் சட்டையோடு இருந்து சாப்பிட்டோம். அம்மா திரைச்சீலைகளைத் தோய்த்தார், சுவரைக்கூடத் துடைத்தார். ‘அந்தச் சாமான்’ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தார். கடையில் பூ வைக்க ஒரு மூலை விட்டுத் தருவீர்களா என்று அப்பாவிடம் கேட்டதையும் நான் கேட்டேன்.

சனிக்கிழமை அந்த மனிதர் வந்தார். உயரமானவர், நல்லவர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அப்பா ஊற்றினார். நான் எழுந்து நின்று வால்நட் என்றேன், ஆப்பிள் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே முகர்ந்தார். அருமையாகப் பேசுகிறாயே என்றார். மூன்றாவது வரி தொண்டை வரை வந்துவிட்டது. நான் நன்றி சொல்லிவிட்டு இருந்துவிட்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் என் காலுறையைப் பார்த்தேன்.

அந்த மனிதர் இன்னொருமுறை முகர்ந்தார். புருவம் சுருங்கியது. மெதுவாக, மரியாதையாக, இதில் கறி மணக்கிறதே என்றார். வீட்டில் சமைத்தீர்களா, போத்தல்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். முழு வாக்கியமும் என்னிடம் இருந்தது, குறையல்ல, பெருமை என்பதுவரை. அப்பா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து வந்தது வேறு. அம்மா சமைப்பா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

எல்லோரும் நிலவறைக்கு இறங்கினோம். அப்பா கதவைத் திறந்தார். அடுக்கியிருந்த பெட்டிகளின் மேல், நடுநாயகமாக, அம்மாவின் கறித்தூள் போத்தல் இருந்தது. வீட்டில் மணக்கக்கூடாது என்று அம்மா அதைக் கீழே கொண்டுவந்து ஒளித்துவைத்திருக்கிறார்! தக்கையும் மெழுகும் போட்டு அடைத்த போத்தலுக்குள் தூள் மணம் எப்படிப் போகும் என்று அந்த நேரம் யாரும் யோசிக்கவில்லை. அந்த மனிதர் அப்பாவின் தோளில் தட்டினார். வைன் மென்மையான பொருள், என்ன செய்வது என்றார். கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மேலே வந்ததும் அம்மா எங்கள் முகங்களைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். தூள் போத்தல் சங்கதியைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

“ஐயோ, நான்தான் பாழாக்கிப்போட்டன். என்ரை கையாலை நானே கொண்டுபோய் வைச்சன்.”

அப்பா நிலவறைச் சாவியை ஆணியில் மாட்டினார்.

“சரி, விடும்” என்றார் கடைசியில். “இனிக் கதைச்சு என்ன.”

எனக்கு அன்று வந்தது நிம்மதி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதிதான். பழி என்மேல் விழவில்லையே என்று போர்வைக்குள் சுருண்டுகொண்டேன்.

பூக்கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை வந்தது. அப்பா ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலைக்குப் போனார். வைன் பற்றி அதன்பிறகு பேசவில்லை. பேச்சே குறைந்துவிட்டது. அம்மா அன்றிலிருந்து தூள் வறுக்கவில்லை. ஆசியக் கடையில் பைக்கற் தூள் வாங்கிச் சமைத்தார். கறியில் உயிரே இருக்காது. நாங்கள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டோம். ஊரவர்கள் யாராவது தூள் வறுத்துத் தரச் சொல்லிக் கேட்டால், “என்ரை கை சரியில்லை” என்பார். அப்பாவுக்கு வேலையில் முதுகு பிடித்துக்கொண்டு வந்த நாளெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்டபடி மன்னிப்புக் கேட்பார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். ஆனால் வாய் திறக்காது.

பதினான்கு வருடங்கள் அப்படியே போயின. பிறகு அம்மாவும் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் புறப்பட்ட பின், நிலவறையை ஒதுக்க நானும் அப்பாவும் இறங்கினோம். பெட்டிகள் தூசி மூடிக் கிடந்தன. அந்தத் தூள் போத்தலும் அதே இடத்தில் இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஒரு மணமும் இல்லை, வெறும் மண் போலக் கிடந்தது. அப்பா ஒரு வைன் போத்தலின் மெழுகை உடைத்துத் தக்கையைப் பிடுங்கினார். கிண்ணம்கூட இல்லை, தக்கையைத்தான் நீட்டினார். வெந்தயம், மல்லி, அம்மா தாச்சியில் தூள் வறுக்கிற பழைய சனிக்கிழமைக் காலைகள், எல்லாம் குறையாமல் அதில் இருந்தது. நான் அழுதுவிட்டேன்.

“அப்பா, அண்டைக்கு நான் ஒரு வரியை விட்டிட்டன். வேணுமெண்டுதான் விட்டனான்.”

“தெரியும்.”

“பிறகு ஏன் நீங்கள் சொல்லேல்லை? அந்த ஒரு சொல்லு உங்களுக்கும் தெரியுந்தானே?”

“தெரியும், பிள்ளை” என்றார். “எனக்கும் வாய் வரேல்லை.”

அப்பா என் உதவியை எதிர்பார்த்துத்தான் அன்று என்னைப் பார்த்தார் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன். கறி என்று சொல்ல எந்தத் தமிழனுக்கு இந்த நாட்டில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்? களஞ்சியத்தில் அவருடைய ஜாக்கெட்டும் என்னுடையதைப் போலத் தனியாகத்தான் தொங்கியிருக்க வேண்டும். பத்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை. அவர் என்னை மன்னித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார் என்றுதான் எண்ணிக்கொண்டேன்.

“அம்மாட்டையெண்டாலும் சொல்லியிருக்கலாமே, அப்பா.”

அவர் தக்கையைத் திரும்பப் போத்தலில் வைத்து அழுத்தினார். அது உள்ளே போகவில்லை.

“நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்” என்றார்.

நான், அவர் சொல்வார் என்று இருந்தேன்.