பீரங்கிக்கும் மாப்பிள்ளைக்கும் போட்ட நிபந்தனைகள்

ராணுவத்துக்குப் புது பீரங்கி எது வேண்டும் என்று எப்படி முடிவு பண்ணுகிறார்கள் தெரியுமா? நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள். சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை தேடின லட்சணத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது.

சீனச் சண்டை முடிந்த கையோடு, பம்பாயில் கோட்டைப் பக்கம் ஒரு ராணுவ ஆபீஸில் எனக்கு ஸ்டெனோ வேலை கிடைத்தது. விமானத்தைச் சுட்டு வீழ்த்தப் புது பீரங்கி வேண்டும், அது எப்படி இருக்க வேண்டும் என்று எழுதித் தர ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். அவர்கள் பேசுவதை ஷார்ட்ஹாண்டில் எடுத்து டைப் அடித்துக் கொடுப்பேன். சாயங்காலமானால் கார்பன் தாள்களையெல்லாம் பியூன் ஒரு தகர டின்னில் போட்டுக் கொளுத்திவிடுவார். அத்தனை ரகசியம்! வீட்டில் அப்பாவிடம்கூட நான் மூச்சு விட்டதில்லை. இப்போது சொன்னால் யார் என்னைப் பிடிக்கப் போகிறார்கள்? அந்தப் பீரங்கியெல்லாம் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

கமிட்டிக்குத் தலைவர் ஒரு பஞ்சாபி கர்னல். எந்தப் பீரங்கி வாங்கலாம் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கம்பெனிக்காரன் அனுப்பின கலர்ப் படங்களை மூடி வை. எதிரி எந்த உயரத்தில், என்ன வேகத்தில் வருவான்? கையில் இருக்கிற பீரங்கி எங்கே போதவில்லை? அதை முதலில் சொல்லு. அப்புறம் கட்டாயம் வேண்டியதைத் தனியாக எழுது, இருந்தால் நல்லது என்பதைத் தனியாக எழுது. அதற்குப் பொருந்துகிறதை வரவழைத்து, மலையிலும் மணலிலும் சுட்டுப் பார்த்து, பிறகுதான் வாங்குவது என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மலைப் படைக்காரர் வந்தார். கழற்றிக் கோவேறு கழுதை மேல் ஏற்ற முடியணும் என்றார். ராஜஸ்தானத்திலிருந்து வந்தவர், மண் புகுந்தாலும் சிக்கிக்கொள்ளக் கூடாது என்றார். கிடங்குக்காரர், கிடங்கில் இருக்கிற பழைய குண்டையே அது சுடணும் என்றார். ஒவ்வொருத்தருக்கும் அவரவர் சொன்னது கட்டாயம். ‘இருந்தால் நல்லது’ என்ற பக்கம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு பீரங்கியைப் பிரம்மாவே வந்துதான் வார்க்கணும். அப்படியும் ஏதாவது ஒன்று கிட்டத்தட்டப் பொருந்தி வந்தால், கர்னல் தாடியைத் தடவிக்கொண்டு புதிதாக ஒரு நிபந்தனை சொல்லுவார். நான் முதலிலிருந்து டைப் அடிக்கணும். மனசுக்குள் அந்த மனுஷரை நான் திட்டாத நாள் இல்லை.

விரல் கடுக்க மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு வந்தால், அங்கேயும் இதே கூத்து. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். ஒரு ரூம், ஒரு சமையலறை, அப்பாவும் நானும். அப்பா இன்சூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. சட்டைப் பையில் வீட்டுச் சாவி இருக்கும்; ஆனாலும் கதவைத் தட்டுவார். “சாவி இருக்கே அப்பா?” என்றால், “நீதான் இருக்கியே” என்பார். நான் கரண்டியும் கையுமாக ஓடிவந்து திறக்கணும்.

எனக்கு வந்த வரன்களுக்கு அப்பா போட்ட நிபந்தனைகளைக் கேட்டால் எங்கள் கர்னல் எழுந்து சல்யூட் அடிப்பார். ஜாதகம் பொருந்தினால் உயரம் போதாது. உயரம் இருந்தால் கண்ணாடி போட்டிருக்கான். பம்பாய்க்கு வெளியே கல்யாண் என்ற ஊரிலிருந்து வந்த பையன் ஒருத்தன் எல்லாவற்றிலும் தேறினான். “அவ்வளவு தூரத்திலேர்ந்து நீ தினம் ட்ரெயின்ல தொங்கிண்டு போகணுமா?” என்று தட்டிவிட்டார்.

அப்புறம் பம்பாயிலேயே செம்பூரிலிருந்து ஒருத்தர் பெண் பார்க்க வந்தார். பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்து, “இதை எங்க வைக்கறது?” என்று என்னிடம் கேட்டார். அவ்வளவுதான், எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் ஆபீஸில் ஒரு பீரங்கி பரீட்சையில் தேறிவிட்டது. கர்னல் உடனே இன்னொரு நிபந்தனை சேர்த்தார். டைப் மெஷினை நான் கொஞ்சம் ஓங்கியே தட்டியிருக்கணும். கமிட்டியில் இருந்த மேஜர் ஒருத்தர் டீயோடு என் மேஜைப் பக்கம் வந்தார்.

“கோபப்படாதேம்மா. கர்னல் பழைய பீரங்கியோடதான் சண்டைக்குப் போய் உயிரோட திரும்பினார். அதைக் கைவிட அவருக்கு மனசு வரல்லை. புதுசு வேண்டாம்னு வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. அதான் நிபந்தனை போட்டுண்டே இருக்கார்” என்று ஹிந்தியில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா காபியை ஆற்றிக்கொண்டே, “எல்லாம் சரிதான். ஆனா செம்பூர்ல ஆலைப் புகை நாத்தம் அடிக்குமாமே? உனக்கு ஒத்துக்குமா?” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! “அப்பா, உங்களுக்கு மாப்பிள்ளை வேணுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்கோ முதல்ல. நாளைக்கு அவர் செருப்பு சைஸ் சரியில்லேம்பேள்” என்று கத்தினேன்.

கத்தி முடித்த பிறகுதான் மேஜர் ஆபீஸில் சொன்னது எனக்கு உறைத்தது. அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

“வேணும்டி. வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன்? ஆனா நான் வந்து கதவைத் தட்டினா, உள்ளேர்ந்து யாருடி வந்து திறப்பா?”

நான் அவர் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவரும் அழுதார். காபி ஆறிப் போயிற்று. அப்புறம் முகம் கழுவிக்கொண்டு, செம்பூருக்குச் சம்மதம் சொல்ல அப்பாவே கிளம்பினார்.

மறுநாள் ஆபீஸில் கர்னல் தாடியைத் தடவிக்கொண்டு இன்னொரு நிபந்தனை சொன்னார். எனக்குக் கோபமே வரவில்லை. பாவம் என்று இருந்தது. முதலிலிருந்து டைப் அடித்துக் கொடுத்தேன். அந்தப் பீரங்கியை வாங்கினார்களா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

கல்யாணத்துக்குப் பிறகு அப்பா ஆபீஸ் விட்டதும் நேரே செம்பூருக்கு வருவார். காபி குடித்துவிட்டு, பேசிக்கொண்டிருந்துவிட்டு, பஸ் பிடித்து மாட்டுங்காவுக்குப் போவார். என் வீட்டுக்காரர் எங்கள் செம்பூர் வீட்டுக்கு இன்னொரு சாவி செய்து அவரிடம் கொடுத்தார். அப்பா அதைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடைசி வரைக்கும் ஒரு நாள்கூட அதைப் பூட்டில் போட்டதில்லை. தட்டுவார்; நான் கரண்டியும் கையுமாக ஓடுவேன்.