தட்டில் சண்டை போட்டது என் ரத்தம்

வேப்பந்தட்டைப் பக்கம் கடப்பாரை மழுங்கும் பாறையில் கிணறு வெட்டினேன். அரியலூரில் ஹாலோபிளாக் பட்டறை போட்டேன். கூலிக்காரன் மகனுக்கு மாடி வீடா என்று சிரித்தவர்கள் வீட்டுக்கும் என் பட்டறைக் கல்தான் போனது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் மகளை விஞ்ஞானியாக்கினேன். கடைசியாகப் புற்றுநோய்ச் செல்களையும் கொன்றேன். இதை மட்டும் ஒப்புக்கொள்ள ஆளில்லை.

மகளுக்குத் திருச்சியில் ஓர் ஆய்வகத்தில் வேலை. ஆராய்ச்சிக்கு நோயில்லாதவர் ரத்தம் வேண்டும் என்றாள். கையை நீட்டினேன். எடுத்த ரத்தத்தில், கெட்ட செல்லைக் கொல்லும் வெள்ளை அணுக்களைப் பிரித்து, புற்றுநோய்ச் செல்களோடு ஓர் ஆய்வகத் தட்டில் விட்டாள். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். செத்த செல் சிவப்பாகத் தெரியுமாம். சிவப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"என் ரத்தமா தோத்துச்சு? எவனோ மாத்தி வச்சிட்டான்!"

"கத்தாதீங்கப்பா. நான்தான் அதோட கையக் கட்டி வுட்டேன்."

அந்த அணுவின் மேல்தோலில் ஒட்டு மூலக்கூறுகள் இருக்கின்றன. எதிரே இருக்கும் செல்லை அவைதான் இறுகப் பிடிக்கும். பிடித்த பிறகே அது நல்லதா கெட்டதா என்று தடவிப் பார்க்க முடியும். கெட்டது என்றால், பிடித்த இடத்திலேயே விஷத்தை இறக்கிவிடும். மகள் அந்தப் பிடியை ஒரு மருந்தால் அடைத்திருந்தாள். என் அணுக்கள் வழுக்கிப் போயின.

எனக்குச் சட்டென்று புரிந்தது. கிணற்றுக்குள் கால் ஊன்றப் பாறையில் குழி கொத்தாமல் நான் கடப்பாரையை ஓங்கியதே இல்லை.

மருந்து போடாத அடுத்த தட்டைக் காட்டினாள். என் ஆட்கள் கவ்விக்கொண்டு நின்றார்கள். எங்கும் சிவப்பு!

மகளின் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சில் வந்தது. அவளையே வாசித்துச் சொல்லச் சொன்னேன். நான் வெறும் 'ஆரோக்கியமான கொடையாளர்'.

"தட்டு வித்த கம்பெனி பேரு இருக்கு. மருந்து வித்தவன் பேரு இருக்கு. எம்பேரு எங்கடி?"

"அதெல்லாம் வெலைக்கு வாங்குனதுப்பா."

"நான் இனாமாக் குடுத்தேனே, அதனாலயா?"

"கொடுத்தவங்க யாருன்னு வெளிய தெரியக் கூடாது. ரூல்ஸு."

"நான் என்ன திருடுனனா, ஒளிஞ்சுக்க?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இப்போது அடுத்த ஆராய்ச்சிக்கு மறுபடி ரத்தம் கேட்கிறாள். தருவேன். ஒளிய நினைப்பவர்களுக்கு அந்த விதி இருக்கட்டும், எனக்கு வேண்டாம். பெயர் போட முடியாவிட்டால், கொன்றது அரியலூர்ப் பட்டறைக்காரன் ரத்தம் என்றாவது அச்சில் வர வேண்டும். அதற்குச் சரி சொல்லிவிட்டு ஊசியை எடுக்கட்டும்.